ரொட்டிக்கடையில் வரிசை கிடையாது

ஜூலை 8, செவ்வாய்

வந்து சேர்ந்தாயிற்று. மூன்று பேர். தேனிலவுக்கு மூன்று பேர் வந்தோம் என்று பின்னாளில் படித்தால் எனக்கே நம்பிக்கை வராது. அதனால் பெயரோடு எழுதிவைக்கிறேன்: சங்கரேஸ்வரியாகிய நான், கல்யாணமாகி ஐந்து மாதமான என் கணவர் பாஸ்கர், அவருடைய அம்மா ஜெயக்கொடி.

ஜூன் மாதம் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டே இவர் சொன்ன செய்தி இது. "ஈஸு, நாம அங்க இருக்கும்போது ஆடி பொறக்குதாம். மொத ஆடியில புதுசா கல்யாணம் ஆனவங்க சேர்ந்து இருக்கக் கூடாதுன்னு அம்மா பிடிவாதமா நிக்கிறாங்க. தானும் கூட வந்தாத்தான் அனுப்புவேங்கிறாங்க." வாய் நிறைய நுரை இருந்ததால் முகம் சரியாகத் தெரியவில்லை. அத்தை சாத்தூரில் இருக்கிறார், நாங்கள் சென்னையில். போன் போட்டு நானே பேசியிருக்கலாம். ஆனால் 'நீங்கள் ஏன் வருகிறீர்கள்' என்று எந்த மருமகள் மாமியாரிடம் கேட்பாள்? நானும் கேட்கவில்லை.

ஊர் பெயர் லா கலெத்தா, ஸ்பெயினில். மலகா விமான நிலையத்திலிருந்து பேருந்தில் ஒன்றரை மணி நேரம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை, நடுவில் சுண்ணாம்பு அடித்த வீடுகள். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. வாடகை வீட்டில் இரண்டு படுக்கையறை, ஒரு சமையலறை. அத்தையின் பெட்டியிலிருந்து முதலில் வெளியே வந்தது குக்கர், பிறகு பருப்புப்பொடி, பிறகு ஒரு கிலோ புளி. இவர் பெட்டியிலிருந்து முதலில் வந்தது ஆபீஸ் லேப்டாப்.

வீட்டின் சொந்தக்காரர் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் கேட்டார். தங்குகிறவர்கள் விவரத்தைப் போலீஸுக்கு அனுப்ப வேண்டுமாம். நான்தான் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். மூன்று விசாவிலும் ஒரே தேதி, மே 12. இருக்கட்டும். களைப்பாக இருக்கிறது.

ஜூலை 9, புதன்

காலை எட்டரைக்கு ரொட்டி வாங்கப் போனேன். தெருமுனையில் சின்னக் கடை. உள்ளே ஏழெட்டுப் பெண்கள் கலைந்து கிடந்தார்கள். ஒருத்தி பெஞ்சில், இரண்டு பேர் சுவரில் சாய்ந்து அரட்டை, ஒருத்தி வாசலுக்கு வெளியே சிகரெட்டோடு. கவுன்டர் முன்னால் ஒரு ஈ இல்லை. நான் நேராகப் போய் நின்றேன்.

கடைக்காரி என்னைப் பார்க்கவே இல்லை. பெஞ்சில் இருந்தவள் எழுந்து வந்து வாங்கிக்கொண்டு போனாள். பிறகு சிகரெட்டுக்காரி. எனக்குப் பின்னால் வந்த ஒரு கிழவி வாசலிலேயே ஏதோ கத்தினாள், யாரோ கையைத் தூக்கினார்கள், கிழவி நிம்மதியாகப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவளும் எனக்கு முன்னால் வாங்கிக்கொண்டு போனாள்! வங்கிக் கவுன்டரில் ஆறு வருடமாக "லைன்ல வாங்க சார்" என்று தொண்டை கிழியக் கத்துகிறவள் நான். என் கண் முன்னாலேயே இந்த அநியாயம். நாற்பது நிமிடம் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன்.

"ரொட்டி இல்லாட்டி என்னத்தா, ரவை கொண்டாந்திருக்கேன்ல" என்றார் அத்தை. ஸ்பெயினில் என் முதல் காலைச் சாப்பாடு ரவை உப்புமா.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும். ஆபீஸர் பரீட்சையில் நான் பாஸ். போஸ்டிங் நாக்பூர். வருகிறேனா இல்லையா என்று ஜூலை 18, நம்மூர் நேரம் மாலை ஐந்துக்குள் மெயில் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம். எங்கள் கிளையில் நான்கு பெண்கள் இப்படி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்கள். நான்கு பேரும் இன்னும் கவுன்டரில் இருக்கிறார்கள். ரிசல்ட் வந்ததிலிருந்து இவர் பாடுவது ஒரே பாட்டுத்தான்: "ஸ்பெயின் போய் நிதானமா பேசுவோம்." இவருக்கு வீட்டிலிருந்து செய்கிற வேலை. அந்த லேப்டாப்பை நாக்பூரில் விரித்தால் திறக்காதா?

ஜூலை 10, வியாழன்

கடற்கரை. உடம்பில் பாதித் துணிகூட இல்லாமல் ஊரே வெயிலில் காய்கிறது. நடுவில் குடை போட்டு, சுங்குடிச் சேலையில் அத்தை. எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் இவர், மடியில் போன்.

"நாக்பூர் விஷயம்..." என்று ஆரம்பித்தேன்.

"ஷ்ஷ். அம்மா இருக்காங்க."

அத்தை கடலையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் எழுந்து ஆடினால்கூடத் திரும்பியிருக்க மாட்டார். தண்ணீரில் இறங்கலாம் என்று கூப்பிட்டேன். அம்மா தனியாக இருப்பார் என்றார் இவர். "நான் என்ன பச்சப்புள்ளயாடா? ரெண்டு பேரும் போங்க" என்றார் அத்தை. இவர் அசையவில்லை. அத்தையும் ஒரு பேச்சுக்குத்தான் சொல்லியிருப்பார். கூடவே வந்தவர் கூடத்தானே இருப்பார்.

நான் மட்டும் இறங்கினேன். தண்ணீர் ஐஸ்.

ஜூலை 11, வெள்ளி

இங்கே கடைகளை இரண்டு மணிக்குச் சாத்தி ஐந்தரைக்குத் திறக்கிறார்கள். நாக்பூர் பேச்சு எத்தனை மணிக்குத் திறக்கும் என்று போர்டு எதுவும் இல்லை.

ஜூலை 12, சனி

கிரனடா போய் அல்ஹம்ப்ரா அரண்மனை பார்த்தோம். பார்த்தோம் என்பது நானும் அத்தையும். டிக்கெட்டில் போட்ட நேரத்துக்குள் நுழையாவிட்டால் விட மாட்டார்கள். சரியாக அந்த நேரத்துக்கு இவருக்கு ஆபீஸிலிருந்து போன். சனிக்கிழமையில்! "நீங்க போங்க, பின்னாடியே வர்றேன்" என்று சுவரோரம் போனவர், நாங்கள் வெளியே வந்தபோதும் அதே சுவரோரம் இருந்தார்.

உள்ளே ஒவ்வொரு தூணும் ஒரு வருட வேலை. சல்லடை மாதிரி குடைந்த சுவர்கள், முற்றத்தில் சிங்கங்கள். அத்தை அண்ணாந்தே பார்க்கவில்லை. தரையில் ஓடும் வாய்க்காலைத்தான் பார்த்தார். "இம்புட்டு உசரத்துக்குத் தண்ணி எப்புடித்தா வருது? மோட்டார் இல்லாத காலத்துல?" ஒவ்வொரு குளத்திலும் இதே கேள்வி. எனக்குத் தெரியாது என்று மூன்று முறை சொன்னேன், மூன்றாவது முறை கொஞ்சம் சத்தமாக. என்னைப் போட்டோ எடுத்துக் கொடுத்தார். குளம் முழுசாக விழுந்திருக்கிறது, நான் பாதி.

கணவரோடு வர வேண்டிய இடத்தில் மாமியாரோடு நின்றேன். இதற்கு ஆடி ஒரு சாக்கு. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வருகிறது.

ஜூலை 13, ஞாயிறு

எழுந்து வந்தால் மேசையில் சூடாக ரொட்டி. அத்தை வாங்கி வந்திருக்கிறார்! ஒரு வார்த்தை ஸ்பானிஷ் தெரியாது, ஆங்கிலமும் "தேங்க்ஸ்" வரைக்கும்தான்.

இந்த ஊர்ப் பெண்கள் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் வீட்டு நாற்காலியைத் தெருவில் கொண்டுவந்து போட்டுக் காற்று வாங்குகிறார்கள். ஒன்பது மணிக்கும் நல்ல வெளிச்சம். எதிர்வீட்டு எங்கார்னா அம்மாளுக்கு அறுபது வயது இருக்கும், மீனவரின் மனைவி. அவர் பக்கத்தில் மூன்று நாளாக அத்தைக்கும் ஒரு நாற்காலி போடுகிறார்கள். அத்தை தமிழில் பேசுகிறார், அந்தம்மாள் ஸ்பானிஷில் பேசுகிறார், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரிக்கிறார்கள். எப்படியோ போகட்டும். அந்தம்மாள்தான் ரொட்டிக்கடைக்குக் கூட்டிப்போனாராம்.

"அங்ஙன வரிசையே கிடையாதுத்தா" என்றார் அத்தை. "உள்ள நொழைஞ்சதும் கடைசி யாருன்னு சத்தமா கேக்கணும். கடைசியா வந்தவ கையத் தூக்குவா. அவளுக்கு அடுத்தது நாம. அம்புட்டுதான். பெறகு உக்காரு, வெளிய போ, யாரும் ஒன் எடத்த எடுக்க மாட்டாக. கேக்காம நின்னா, நாள் பூராம் நின்னாலும் நீ கணக்குலயே இல்ல."

நான் கவுன்டர் வேலை பார்ப்பவள். எனக்கு வரிசை பற்றி அத்தை சொல்லித் தருகிறார்.

ஜூலை 14, திங்கள்

காலை ஆறரைக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். சமையலறையில் அத்தை போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்து வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. திரையில் கை நிறைய வளையலோடு ஒரு பெண்.

"நம்ம செல்விக்கு வளைகாப்புத்தா. என் தங்கச்சி மக. மூணு வயசுலேருந்து என் வீட்ல வளந்தவ." பிறகு திரையைப் பார்த்து, "ஏத்தா, குனியாதடி, நிமிந்து உக்காரு" என்றார். நெட் நின்று நின்று வந்தது. கடைசியில் ஒரேயடியாக நின்றுவிட்டது. அத்தை சேலைத் தலைப்பால் போனைத் துடைத்தார், போனில் தூசி இருந்ததுபோல.

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் யார் வரச் சொன்னது? வளர்த்த பெண்ணின் வளைகாப்பைவிட மகனும் மருமகளும் ஆடியில் ஒரே அறையில் இருக்கக் கூடாது என்பதா முக்கியம்? சிலருடைய பிடிவாதம் எனக்குப் புரியவே இல்லை. காபி போட்டுக் கொடுத்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

இன்று கேட்டே விட்டேன். கடலோரம் ஒரு பழைய படகில் மணலை நிரப்பி, அதில் தீ மூட்டி, சாளை மீனைக் குச்சியில் குத்திச் சுட்டுத் தருகிறார்கள். அத்தை கைப்பையிலிருந்து மிளகுப்பொடி எடுத்துக்கொண்டு அந்த மீன்காரரிடம் போயிருந்தார், அவருக்கும் தூவிக் காட்ட. எங்களுக்கு ஐந்து நிமிடம் கிடைத்தது.

"இன்னும் மூணு நாள்தான் இருக்கு. நான் போகவா, வேண்டாமா?"

இவர் மீன் முள்ளை எடுப்பதிலேயே குறியாக இருந்தார். "எனக்கு ஒண்ணும் இல்ல ஈஸு. அம்மாவுக்குத்தான் இஷ்டமில்ல. மருமகளைத் தனியா அனுப்பிட்டான்னு ஊர்ல பேசுவாங்களாம்."

அதற்குமேல் எனக்கு மீன் இறங்கவில்லை. அத்தை திரும்பி வந்து, "என்னத்தா, ரெண்டுதான் தின்னுருக்க?" என்றார். பசிக்கவில்லை என்றேன். நாக்பூரையும் கெடுத்துவிட்டு எனக்கு மீனும் ஊட்ட வருகிறார். சாயங்காலம் வரை அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜூலை 16, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

இன்று மீனவர்களின் மாதா திருநாள். சாயங்காலம் ஏழு மணிக்குக் கோயிலிலிருந்து மாதா சிலையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட மீனவர்கள், கொட்டு, வேட்டு. சிலையைத் தூக்கியபடியே கடலில் இடுப்பளவு இறங்கி, பூ அலங்காரம் செய்த படகில் ஏற்றினார்கள். ஊர்ப் பெண்கள் உடுத்திய துணியோடு பின்னாலேயே தண்ணீரில் இறங்கினார்கள். எங்கார்னா அம்மாள் அத்தையின் கையைப் பிடித்து இழுத்தார். அத்தை என் கையைப் பிடித்து இழுத்தார். உதறவும் முடியவில்லை. இவர் கரையில் செருப்புகளோடு நின்று வீடியோ எடுத்தார்.

முட்டளவுத் தண்ணீரில் அத்தை கேட்டார். "என் மேல என்னத்தா கோவம்? நேத்துலேருந்து மூஞ்சிய தூக்கி வச்சிருக்க."

அடக்கி வைத்ததெல்லாம் வந்துவிட்டது. "ஆடிக்குக் காவல் இருக்க இம்புட்டு தூரம் வந்திருக்கீங்க. கோவம் வராதா?"

"ஆடிக்குக் காவலா?" அத்தைக்கு நிஜமாகவே விளங்கவில்லை. "ஆடி பாக்குறவ எதுக்குத்தா ஏரோப்ளேன் ஏறணும்? ஒன்னைய ஒங்க அம்மா வீட்ல கொண்டுபோய் விட்ருப்பேன்ல. அதுதான ஆடி?"

அதுதான் ஆடி. முதல் ஆடிக்குப் பெண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்புவார்கள். கோவில்பட்டியில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? ஒரு நிமிடம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். நான் யோசிக்கவில்லை, மாமியார் என்றால் இப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

"நீதான என்னைய வரச் சொன்ன?" என்றார் அத்தை. "அத்தை வராட்டி நானும் வரல, அந்த ஊர்ல சோறு கெடைக்காது, எனக்குப் பயமாருக்குன்னு நீ அழுததா பாஸ்கர் சொன்னான். புதுசா வந்த பிள்ள ஆசையா கூப்புடுதேன்னுதான், செல்வி வளைகாப்பக்கூட விட்டுட்டு வந்தேன்."

"எப்போ சொன்னார்?"

"சித்திரையில. என்னைய மட்டும் மெட்ராஸுக்கு வரச் சொல்லி, விசாவுக்குக் கைரேகை வைக்கக் கூட்டிட்டுப் போனானே. நீ பேங்குக்குப் போயிருந்த."

மே 12. மூன்று விசாவிலும் ஒரே தேதி. எட்டாம் தேதியே என் கையால் எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து ஜூனில் பிடிவாதம் பிடித்தவருக்கு மே மாதமே எப்படி விசா வரும்? எனக்கு அன்றைக்கே உறுத்தியது. இருக்கட்டும் என்று எழுதி மூடிவைத்தேன்.

"அப்ப நாக்பூருக்கு நான் போகக் கூடாதுன்னு நீங்க சொல்லலையா?"

"நாக்பூரா? அது எங்ஙன இருக்கு?"

நான் சொன்னேன், எல்லாவற்றையும். படகுகள் சங்கு ஊதியபடி மாதாவோடு நடுக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஊரே கைதட்டியது. அத்தையின் சேலை இடுப்புவரை நனைந்து கனத்துத் தொங்கியது. அவர் அதைக் கவனிக்காமல் கரையில் செருப்போடு நிற்கும் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கையை அவர் விடவில்லை. எனக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. அத்தை டப்பாத் தேங்காய்ப்பாலில் ஆடிப்பால் காய்ச்சினார். வெல்லத்துக்குப் பதில் இந்த ஊர்ப் பழுப்புச் சர்க்கரை. மகனிடம் ஒன்றும் கேட்கவில்லை, ஒரு டம்ளரை அவர் முன்னால் டக்கென்று வைத்தார். "நான் எதிர்வீட்ல இருக்கேன். ரெண்டு பேரும் பேசுங்க" என்று சொல்லிவிட்டு எங்கார்னா வீட்டுக்குப் போய்விட்டார்.

பத்து நாளில் முதல் முறையாக நாங்கள் இரண்டே பேர். இவர் லேப்டாப்பைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.

"ஏன் பொய் சொன்னீங்க? ரெண்டு பேர்கிட்டயும்?"

டம்ளரில் ஆடிப்பாலைக் கலக்கினார். பிறகு சொன்னார். "பன்னெண்டு நாள், நாம ரெண்டு பேர் மட்டும். என்ன பேசுறதுன்னு தெரியல ஈஸு. வீட்லயே நான் ஷிப்ட், நீ பேங்க், அதுல எப்படியோ ஓடிருச்சு. இங்க வந்து உனக்குப் போரடிச்சிட்டா? என்னைப் பிடிக்காமப் போயிட்டா? அம்மா இருந்தா ஏதாவது பேச்சு இருந்துட்டே இருக்கும்னு..."

"நாக்பூர்?"

"போன்னா நீ போயிருவ. வேண்டாம்னா நான் கெட்டவன். அதான் அம்மா மேல போட்டேன்."

இப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. திட்டுவதற்குப் பெரிய பெரிய வார்த்தைகளாக எடுத்து வைத்திருந்தேன். பயந்துபோன ஒரு ஆளிடம் எதைச் சொல்வது? கோபம் போகவில்லை. அதையும் எழுதிவைக்கிறேன், போகவே இல்லை. இந்த ஆளின் பயத்துக்கு நானும் அத்தையும் பத்து நாள் ஒருவரையொருவர் வெறுத்துக்கொண்டிருந்தோம். இல்லை, அத்தை வெறுக்கவில்லை. நான் மட்டும்தான்.

ஆடிப்பால் நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 18, வெள்ளி

நம்மூரில் ஐந்து மணி என்றால் இங்கே மதியம் ஒன்றரை. ஒரு மணிக்கே மெயிலைத் திறந்து வைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தேன். இரண்டே வரி. படித்தேன், மறுபடி படித்தேன். இவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். அத்தை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

ஒன்று பத்துக்கு இவர் சொன்னார். "எதுக்கும் அம்மாகிட்ட ஒரு வார்த்த..."

"எங்கிட்ட என்னடா கேக்க?" கத்தி பலகையில் விழுந்த சத்தத்தில் இவர் நிமிர்ந்தார். "அவ முறை வந்து எம்புட்டு நேரமாச்சு. முன்னாடி நின்னு மறிக்காத."

அனுப்பிவிட்டேன். 'பதவி உயர்வை ஏற்றுக்கொள்கிறேன், நாக்பூரில் பணியில் சேர்கிறேன்.' மணி ஒன்று பன்னிரண்டு. இவர் எழுந்து கடல் பக்கம் போனார். தடுக்கவில்லை நான்.

சாப்பிடும்போது அத்தை கேட்டார். "நாக்பூர்ல வீடு பாத்து, பால் காய்ச்சி, ஒன்னைய உக்கார வைக்குற வரைக்கும் ஒரு வாரம் கூட வரட்டுமா? வேணாம்னா வேணாம்னு சொல்லிருத்தா. இந்தவாட்டி நானே கேக்குறேன், நடுவுல ஆள் இல்ல."

"வாங்க அத்தை" என்றேன். நிஜமாகவே சொன்னேன்.

ஜூலை 19, சனி

நாளை கிளம்புகிறோம். காலையில் இவர் தானாகவே பையை எடுத்துக்கொண்டு ரொட்டி வாங்கப் போனார். கல்யாணத்துக்குப் பிறகு இவர் கடைக்குப் போய் நான் பார்த்ததே இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து வெறும் பையோடு வந்தார்.

"என்ன ஊரு இது? நான் முன்னாடியே நிக்கிறேன், ஒவ்வொருத்தரா எனக்கு முன்னாடி வாங்கிட்டுப் போறாங்க. ஒருத்தர்கூட என்னைக் கண்டுக்கல."

நானும் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சிரிப்பை அடக்க அத்தை அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். சொல்லித் தருவதா வேண்டாமா என்று ஒரு நிமிடம் எனக்கு யோசனை. இன்னும் ஒரு தடவை இப்படியே அலையட்டும் என்றும் இருந்தது. பிறகு சொன்னேன். "சும்மா நின்னா கணக்குல இல்ல. உள்ள போனதும் கடைசி யாருன்னு கேக்கணும். கை தூக்குறவங்களுக்கு அடுத்து நீங்க."

திரும்பப் போனார். பத்து நிமிடத்தில் இரண்டு ரொட்டியோடு வந்தார். ரொட்டியை மேசையில் வைத்தார். ஆனால் உட்காரவில்லை. பையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். லேப்டாப் பக்கம் போவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"ஈஸு" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு கொஞ்சம் சத்தமாகக் கேட்டார். "நாக்பூருக்கு... கடைசி யாரு?"

தோசையைத் திருப்பிக்கொண்டிருந்த அத்தை, அடுப்பைப் பார்த்தபடியே, கரண்டியோடு கையைத் தூக்கினார்.